கோடும் குற்றமும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உலக உள்ளரங்கத் தடகளப் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. ஆடவர் 400 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்றில் மூன்றாம் பிரிவுக்கு ஐவர் வந்து நின்றனர். ஒருவர் துப்பாக்கி ஒலிக்கு முன்னரே புறப்பட்டமையால் விலக்கப்பட்டார். ஏனைய நால்வரும் ஓடி எல்லையைக் கடந்தனர். பின்னர் நடுவர்கள் படப்பதிவை ஓட்டிப் பார்த்தபோது, நால்வருமே தத்தம் தடத்தின் கோட்டை எங்கோ ஓரிடத்தில் மிதித்திருந்தது தெரியவந்தது. ஐவரும் நீக்கப்பட்டனர். ஓட்டம் நடந்தது, ஆயினும் ஓடியவர் என்று கணக்கில் நின்றவர் ஒருவருமில்லை. மறுநாள் இறுதி ஓட்டத்தில் நடந்தது இதனினும் கொடிது. 44.92 வினாடியில் முதலாவதாக வந்த ஸ்பெயின் நாட்டு ஆஸ்கார் ஹுசிலோஸும், இரண்டாவதாக வந்த டொமினிக்கன் குடியரசின் லுகலின் சாண்டோஸும் கோட்டை மிதித்தார்கள் என்று நீக்கப்பட, மூன்றாவதாக வந்த செக் நாட்டுப் பாவெல் மஸ்லாக்குக்குப் பொற்பதக்கம் போயிற்று.

இச்செய்தியை நமக்கு அறிவித்தவர் விருத்தாசலத்தில் கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞர். 400 மீட்டர் ஓடுபவர். மாலை வேளைகளில் நம்மிடம் அரபி இலக்கணம் ஓதுபவர். அந்த ஓட்டத்தைக் கைபேசியில் நமக்குக் காட்டிவிட்டு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், கோட்டை மிதிக்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் நிய்யத் இல்லையே! எண்ணத்தை வைத்துத்தான் செயலை எடை போட வேண்டும் என்று தாங்கள் பாடத்துக்குப் பாடம் சொல்கிறீர்கள். எண்ணாமல் செய்த ஒன்றுக்காக ஒருவனுடைய பல ஆண்டு உழைப்பைப் பறிப்பது நியாயமா?"

விளையாட்டைப் பற்றிய கேள்விதானே என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. எண்ணம் தூயதாயிருந்தும் விளைவு பிழையாகிவிட்ட ஒருவனை என்ன செய்வது என்பது நீதிமன்றங்களிலும் குடும்பங்களிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் எழுகின்ற கேள்வி. ஓடுபாதையில் அது ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கி நிற்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

முதலில் அந்தக் கோடு கிடக்கும் இடத்தைப் பார்ப்போம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓடுவது செம்மண் தரையில். சுண்ணாம்புத் தூளால் இட்ட கோட்டுக்குள். நான்கு ஓட்டம் முடிவதற்குள் அந்தச் சுண்ணாம்பு கால்களோடு ஒட்டிக்கொண்டு மைதானம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு மிதித்தவர் யார், மிதிக்காதவர் யார் என்று சொல்ல எந்த நடுவராலும் இயலாது. மணிமுத்தாற்றுக் கரையில் வெயிலைத் தவிர வேறு பருவம் அறியாத நமக்கு, கூரைக்குக் கீழே ஓடுவது என்பதே புதிராகத் தோன்றும். பனி மூடிய நாடுகளில் அப்படியன்று. குளிர்காலத்தில் வெளியே ஓட முடியாது. ஆகவே பெரிய மண்டபங்களுக்குள் 200 மீட்டர்ச் சுற்றளவில் தடம் அமைத்து ஓடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு இது தனிப் பருவம்; டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். அந்நாட்டுக் கல்லூரிகளின் தேசிய உள்ளரங்கப் போட்டி ஆடவர்க்கு 1965இலும் மகளிர்க்கு 1983இலும் தொடங்கிற்று. நம் நாட்டில் இது மிகவும் பிந்தி வந்தது. புவனேசுவரத்தின் கலிங்கா விளையாட்டரங்க வளாகத்தில் உள்ளரங்கத் தடம் அமைந்தது அண்மை ஆண்டுகளில்தான்.

உள்ளரங்கத் தடம் வெளித்தடத்தின் குட்டி வடிவம் மட்டுமன்று. வெளியே ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், உள்ளே அது ஒரு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். வெளியே 400 மீட்டருக்கு இரண்டு வளைவுகள். உள்ளே அதே தொலைவுக்கு நான்கு. அவ்வளைவுகளும் நெருக்கமானவை, வெளிப்புறம் உயர்ந்து சாய்வாகக் கட்டப்பட்டவை. முழு வேகத்தில் வருபவனுடைய உடலை வளைவு வெளியே தள்ளும். அவன் உள்ளே சாய்வான். சாய்ந்த உடலின் இடக்கால் கோட்டைத் தேடிப் போகும். அதாவது, கோட்டை மிதிப்பதற்கான காரணத்தில் பாதி ஓடுபவனிடத்தில் இருக்கிறது; மறுபாதி தடத்தைக் கட்டியவனிடத்தில் இருக்கிறது.

இதனைத் தடகளத்தார் தாமே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 200 மீட்டர் ஓட்டத்தை உள்ளரங்கில் நடத்தினால் உள்தடத்துக்காரர் கடும் வளைவில் தடுமாற, வெளித்தடத்துக்காரர் எளிதில் முந்திவிடுகிறார். ஓடும் முன்பே சீட்டுக் குலுக்கலில் முடிவு பாதி தீர்ந்துவிடுகிறது. ஆகவே 2004க்குப் பிறகு உலக உள்ளரங்கப் போட்டியிலிருந்து அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளோ வேறு வழி கண்டன. சாய்வுத் தடத்தில் ஓடியவனையும் சமதளத் தடத்தில் ஓடியவனையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு பெருக்கல் கணக்கு வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். ஓடாத ஓட்டத்துக்கு ஒரு நேரம்! இதைக் கேட்டபோது நாம் சிரித்தோம். பின்னர் யோசித்துப் பார்த்ததில், நியாயம் வேண்டி மனிதன் எவ்வளவு தொலைவுக்குப் போகிறான் என்னும் வியப்பே மிஞ்சிற்று.

இனி, நமக்கு நெருக்கமான ஒரு வழக்குக்கு வருவோம். புதுக்கோட்டை மண்ணின் மைந்தர் கோவிந்தன் லட்சுமணன். 2017ஆம் ஆண்டு துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத் நகரில் நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டுகளில் 3000 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெற்றவர். உள்ளரங்கில் அத்தொலைவு 15 சுற்றுகள். அதே ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் முதலிடம் அவருக்கே. அப்படிப்பட்டவர் 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் கிடைத்தது என்று நாடு மகிழ்ந்து முடிப்பதற்குள், ஓட்டத்தின் நடுவே ஓரிடத்தில் தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தார் என்னும் தீர்ப்பு வந்தது. இந்தியத் தரப்பு முறையிட்டது, ஏற்கப்படவில்லை. பதக்கம் நான்காவதாக வந்த சீன வீரர் ஜாவ் சாங்ஹோங்குக்குச் சென்றது. நெருக்கமான உள்ளரங்கத் தடத்தில் 15 சுற்று ஓடி வென்றவரை, அகன்ற வெளித்தடத்தின் விளிம்பு வீழ்த்திற்று.

அந்நாளில் நம்மவர் பேசியதெல்லாம் லட்சுமணனைப் பற்றித்தான். "பாவம், தெரியாமல் வைத்த கால்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த நான்காமவரைப் பற்றி யாரேனும் பேசினார்களா? நம் மாணவரின் கேள்விக்கான விடை அவரிடத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

மதரஸாவில் ஃபிக்ஹு படித்தவர்கள் அறிந்த ஒரு பாகுபாடு உண்டு. உரிமைகளை இறைவனுக்குரியவை, அடியார்களுக்குரியவை என்று இரண்டாக வகுப்பார்கள். நோன்பு நோற்றவர் மறதியாக உண்டுவிட்டால் அந்த நோன்பு முறியாது என்பது ஹனஃபி, ஷாஃபியீ அறிஞர்களின் முடிவு. மாலிக்கீகள் மட்டும் அதனை மீண்டும் நோற்க வேண்டும் என்பார்கள். மறந்து உண்டதால் வேறெந்த மனிதனுடைய தட்டிலும் சோறு குறையவில்லை. ஆகவே அங்கே மன்னிப்பு எளிதாயிற்று. ஆனால் ஒருவர் உறக்கத்தில் புரண்டு படுத்து, பக்கத்தில் இருந்த அயலாரின் பீங்கான் சாடியை உடைத்துவிட்டால்? உறங்குபவருக்கு ஏது எண்ணம்? அவர்மீது பாவம் இல்லை என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆயினும் சாடிக்கு விலை தந்தாக வேண்டும். இந்த ஈட்டுப் பொறுப்பைத்தான் ளமான் என்று நூல்கள் குறிக்கின்றன. பாவம் எண்ணத்தைத் தொடர்ந்து வருவது. ஈடு இழப்பைத் தொடர்ந்து வருவது. சாடியை இழந்தவனிடம் போய், "உடைத்தவனின் உள்ளம் தூயது" என்று சொன்னால் அவனுடைய ஊறுகாய்க்கு அது கலம் ஆகுமா?

ஓட்டமும் அடியார் உரிமையைச் சேர்ந்தது. வளைவில் உள்விளிம்பு குறுகியது. அதைத் தாண்டி வைக்கும் ஒவ்வோர் அடியும் தொலைவில் சிறிதைக் கழித்துக்கொடுக்கிறது. கழிந்த அளவு ஒரு சாணா, ஒரு விரற்கடையா என்பது வேறு. அது மற்றவர்கள் ஓடிக் கடந்த நிலம். கால் வைத்தவர் அதை நினைத்துத் திருடவில்லை. ஆனாலும் நிலம் அவருடையதன்று. நான்காமவர் முழுத் தொலைவையும் ஓடியிருக்கிறார். அவருடைய உரிமையை, மூன்றாமவரின் நல்லெண்ணத்தைக் காட்டி இல்லாமல் ஆக்க முடியாது. எனவே, பதக்கம் கைமாறியது நியாயமே என்று நாம் சொல்கிறோம். லட்சுமணன் நம்மவர் என்பதால் அதை மாற்றிச் சொல்ல நமக்கு வழியில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈடு கொடுத்தவன் குற்றவாளி அல்லன். இந்த இரண்டாம் பாதியைத்தான் உலகம் மறந்துவிடுகிறது.

விருத்தாசலத்தில் வாழ்பவர்க்கு இதைப் புரியவைக்கச் சூளையே போதும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண்ணை நம்பி எழுந்தது இவ்வூரின் பீங்கான் தொழில். பீங்கான் மண் காய்ந்து வெந்து வரும்போது, பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கிவிடும். அதனால் அச்சையே பெரிதாகச் செய்வார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில உருப்படிகள் கோணிவிடும். சில கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் காணும். சூளை பிரித்தபின் தரம் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் ஒரு பக்கம். மழுங்கி ஒலித்தால் மறுபக்கம். மழுங்கியது எந்தப் பெண்ணின் கையில் உருவானது, அவள் அன்று எவ்வளவு கருத்தாய் வேலை செய்தாள் என்று அவர் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. மின்கம்பியைத் தாங்கப் போகும் பீங்கானில் விரிசல் இருந்தால் உயிர் போகும். ஆனால் உருப்படியைக் கழிக்கும் அவர், அதைச் செய்தவளை நோக்கி, "நீ கெட்டவள்" என்று சொன்னால் அது வேறு செயல். முதலாவது அவருடைய கடமை. இரண்டாவதற்கு அவருக்கு உரிமையே இல்லை.

அரபி மொழி இவ்விடத்தில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. செல்லாமற்போன செயலை ஃபாஸித் என்பார்கள். ஒழுக்கம் தவறிய மனிதனை ஃபாஸிக் என்பார்கள். கேட்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கும், எழுதினால் கடைசி எழுத்து வேறு, வேர்ச்சொல்லும் வேறு. தொழுகையின் கடைசி ரக்அத்தில் ஒருவருக்கு உளூ முறிந்துவிட்டது என்று வையுங்கள். மீண்டும் தொடக்கத்திலிருந்து தொழ வேண்டும் என்போரும் உண்டு. உளூச் செய்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்போரும் உண்டு. ஆனால் அந்த மனிதரை ஃபாஸிக் என்று சொன்ன அறிஞர் ஒருவரும் இல்லை. செயலுக்கு வந்த கேடு மனிதனுக்கு ஏறவில்லை. பாடம் ஓதும் சிறுவர்கள் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதும்போதெல்லாம் நாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தருவோம். பிள்ளைகளை மன்னிக்கலாம். பெரியவர்கள் வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்களே!

நம் தமிழும் இவ்விடத்தில் சறுக்கிவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். கோட்டை மிதித்தவரைக் குறித்து நாளேடுகள் எழுதுவது 'தகுதி நீக்கம்' என்று. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். யாருடைய தகுதி நீங்கிற்று? ஆசிய அளவில் தங்கம் வென்ற கால்கள் ஒரு மாலையில் தகுதி இழந்துவிட்டனவா? நடந்தது என்னவோ, ஓர் ஓட்டம் கணக்கில் சேரவில்லை என்பதுதான். தாண்டுபவர்களின் உலகில் இது தெளிவாக இருக்கிறது. நம் தமிழ்நாட்டுப் பிரவீன் சித்திரவேல் 2023இல் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் மும்முறைத் தாண்டலில் 16.98 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். அந்த ஆட்டத்திலும் ஒரு கோடு உண்டு. கால் அதைக் கடந்தால் அந்தத் தாண்டல் மட்டும் செல்லாது. ஆள் செல்லுபடியாகவே இருக்கிறார். வரிசையில் நின்று அடுத்த முறை தாண்டுகிறார். ஓடுபவனுக்கு அடுத்த முறை இல்லை என்பதாலேயே அவனுடைய பிழை அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

கோடே வேண்டாம், எண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு ஒரு பழங்கதையை நினைவூட்டுவோம். இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு நாட்டில் தாஹிஸ் என்றொரு குதிரையும் கப்ரா என்றொரு குதிரையும் ஓடின. அப்ஸ் குலத்துக் கைஸ் ஒருபுறம். துப்யான் குலத்துப் பிரிவைச் சேர்ந்த ஹுதைஃபா மறுபுறம். முந்தி வந்த தாஹிஸை வழியில் பதுங்கியிருந்த ஹுதைஃபாவின் ஆட்கள் மடக்கித் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். இரு தரப்பாரும் ஏற்ற நடுவர் இல்லை. வென்றது யார் என்னும் வழக்கு வாளுக்குப் போயிற்று. நாற்பது ஆண்டுகள் அந்தப் போர் நீடித்ததாக அரபு வரலாற்றார் எழுதியிருக்கிறார்கள். முடிவில் அதனை நிறுத்தியவர்கள் யார் தெரியுமா? ஹரிம் இப்னு ஸினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் இரு பெரியவர்கள். கொலை செய்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனாலும் இரு பக்கத்து உயிர்களுக்குமான ஈட்டுத்தொகையைத் தங்கள் ஒட்டகங்களைக் கொண்டு அவர்கள் செலுத்தினார்கள். அவர்களைப் புகழ்ந்து ஸுஹைர் பாடிய நெடும்பாடல் முஅல்லகாத்துகளில் ஒன்றாக இன்றும் ஓதப்படுகிறது. குற்றமற்றவன் ஈடு செலுத்துவதை இழிவாகக் கருதாமல் பெருமையாகக் கண்ட சமுதாயம் அது. நம் காலத்தில் ஈடு கொடுத்தவன் தலைகுனிந்து நிற்கிறான்.

அதே அரபிகள்தாம் பந்தய எல்லையில் ஒரு நாணற்கோலை நட்டுவைக்கும் வழக்கத்தையும் வைத்திருந்தார்கள். முதலில் வருபவன் அதைப் பிடுங்கிக் கையில் ஏந்துவான். பிறகு வாதத்துக்கு இடமில்லை. இன்றும் ஒருவர் முதன்மை பெற்றால் 'முந்தலின் நாணலைக் கைப்பற்றினார்' என்பது அரபியில் மரபுத் தொடர். இரண்டாவதாக வரும் குதிரைக்கு முஸல்லீ என்று பெயர். தொழுபவரைக் குறிக்கும் அதே சொல். முன்செல்லும் குதிரையின் பின்தொடையருகே தலை வைத்து வருவதால் அப்பெயர் என்பர் மொழிநூலார். (இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு முறையாவது சிரிப்பு எழும்.)

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திய குதிரைப் பந்தயத்தைப் பற்றிய அறிவிப்பில் நம் கவனத்தை ஈர்ப்பது பரிசன்று, தொலைவு. பந்தயத்துக்கென்று பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை ஐந்தாறு மைல். பயிற்றப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல்தான். அப்பந்தயத்தில் ஓட்டியவர்களுள் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். இயலாத குதிரையை இயன்ற குதிரையோடு ஓடவிட்டுப் பிறகு தோற்றது என்று பழிக்கவில்லை. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பது ஓடும் முன்னரே எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

கோட்டுக்கு நாம் ஆதரவாளர்தாம். ஆனால் எல்லாக் கோட்டுக்கும் அல்ல. ஓடுமுன் இடப்பட்டிருக்க வேண்டும். ஓடுபவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முயன்றால் மிதிக்காமல் தவிர்க்கக்கூடியதாய் இருக்க வேண்டும். இவை இல்லாத ஒன்றைக் கோடு என்று அழைப்பது சொல்லை ஏமாற்றுவது. அதற்கு எடுத்துக்காட்டும் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தே வருகிறது என்பது மனத்தை உறுத்துகிறது.

கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுகளில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து வெள்ளி பெற்றார். ஓட்டம் முடிந்த பிறகு அவருடைய உடலைச் சோதித்தார்கள். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். சோதனையின் முடிவு மருத்துவரின் அறைக்குள் நிற்கவில்லை, உலகச் செய்தியாயிற்று. அவர் எந்தத் தடத்தையும் விட்டு விலகவில்லை. எந்த மருந்தையும் உண்டார் என்று குற்றச்சாட்டு இல்லை. பிறந்த உடலோடு ஓடினார், அவ்வளவே.

மகளிர் பிரிவு என்று ஒன்று இருக்குமானால் அதற்கு ஓர் எல்லையும் இருக்கத்தான் வேண்டும். இல்லையேல் அப்பிரிவுக்குப் பொருளில்லை. அதை நாம் மறுக்கவில்லை. அங்கேயும் நான்காவதாக வந்த ஒரு பெண்ணின் உரிமை உண்டு என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை இட்டவர்களே அறிந்திருந்தார்களா? கட்டாயப் பாலினச் சோதனையை உலகத் தடகள அமைப்பு 1990களின் தொடக்கத்திலேயே கைவிட்டது. ஒலிம்பிக் அமைப்பு 1999இல் கைவிட்டது. 2011இல் இயக்குநீர் அளவை வைத்துப் புதுவிதி வந்தது. ஒடிசாவின் தூத்தி சந்த் வழக்காடியதில் 2015இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2018இல் சில ஓட்டங்களுக்கு மட்டும் வேறு விதி. 2023இல் அது மேலும் இறுக்கம். 2025 செப்டம்பரிலிருந்து மகளிர் பிரிவில் ஓட மரபணுச் சோதனை. இருபது ஆண்டுக்குள் இத்தனை முறை இடம் மாறிய கோடு, 2006இல் ஒரு சிற்றூர்ப் பெண்ணின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இடம் தெரிந்திருந்தாலும், தன் உடலை விட்டுக் காலை எங்கே எடுத்து வைப்பாள்?

சாந்தி பட்ட துன்பம் ஊரறிந்தது. ஆசியாவின் வெள்ளியை வென்றவர் 2012இல் செங்கற் சூளையில் நாட்கூலிக்கு வேலை செய்தார் என்னும் செய்தி வந்தபோது நாட்டுக்கே சுரீரென்றது. பின்னர்த் தமிழ்நாட்டு அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் ஆனார். தம்மைப் போன்ற ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்.

இவ்விரு வழக்குகளிலும் ஒரு செயல் நமக்கு ஆறுதல் தந்தது. பதக்கம் பறிபோன பின்னும் 2006இல் தமிழக முதல்வராயிருந்த கலைஞர் கருணாநிதி சாந்திக்கு அறிவித்திருந்த 15 இலட்சம் ரூபாயைத் திரும்பப் பெறாமல் வழங்கினார். லட்சுமணனுக்கு நடுவண் விளையாட்டு அமைச்சராயிருந்த ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 10 இலட்சம் ரூபாய் அளித்தார். பட்டியலில் இடமில்லாதவருக்கு அரசு பரிசு தருவது விதிக்கு மாறு என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருக்கலாம். பட்டியல் நடுவர்களுடையது, மதிப்பு மக்களுடையது. முன்னதில் பெயர் அடிபட்டது என்பதற்காகப் பின்னதிலும் அடிக்க வேண்டும் என்பது எந்த விதி?

நம் மாணவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் பர்மிங்ஹாமில் நடந்தது சரி என்கிறீர்களா?" என்றார். இறுதி ஓட்டத்தில் நடந்தது சரி என்றோம். முதற்சுற்றில் நடந்தது விதிப்படி சரி. ஆனால் ஒரே பிரிவில் ஓடிய நால்வருமே மிதித்த கோடு, ஓடியவர்களைப் பற்றிச் சொல்வதைவிட இட்டவர்களைப் பற்றி அதிகம் சொல்கிறது என்றோம். ஒரு சூளையில் நான்கு உருப்படி வைத்து நான்கும் கோணி வந்தால், விவரமுள்ள முதலாளி அச்சையும் நெருப்பையும் பார்ப்பாரே தவிர, வேலையாட்களை வரிசையில் நிறுத்தமாட்டார்.

தடகளத்தாரும் பார்த்தார்கள் போலும். 2021 நவம்பர் முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. வளைவில் ஒரே ஓர் அடி கோட்டின்மேல் பட்டுவிட்டால் அதற்காக விலக்குவதில்லை. முடிவுத்தாளில் ஒரு குறியிட்டு விட்டுவிடுகிறார்கள். அதே ஓட்டத்திலோ அதன் அடுத்த சுற்றுப் போட்டியிலோ மறுபடியும் பட்டால்தான் விலக்கு. ஃபிக்ஹு நூல்களிலும் இப்படி, தவிர்க்க இயலாத சிற்றளவை மன்னிக்கப்பட்டது என்று ஒதுக்கிவைக்கும் அத்தியாயங்கள் உண்டு. சாலையில் நடப்பவரின் உடையில் தெறிக்கும் சேற்றைப் போல. எவ்வளவு தெறித்தால் மன்னிப்பு என்பதில் அங்கும் விவாதம் உண்டு, இங்கும் இருக்கும்.

அடுத்த விளையாட்டு விழாவில் முடிவுத்தாள் எழுதும் பொறுப்பு நம் மாணவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் கிடைத்திருக்கிறதாம். 'தகுதி நீக்கம்' என்று எழுத வேண்டிய கட்டத்தில் வேறென்ன எழுதலாம் என்று கேட்டார். 'ஓட்டம் கணக்கில் இல்லை' என்று எழுதலாம் என்றோம். கட்டம் சிறியது, அவ்வளவும் அடங்காது என்றார். 'செல்லாத ஓட்டம்' என்றோம். எழுதிப் பார்த்தார், அடங்கிற்று. ஓடியவர் பெயரை அதே வரியில் அடிக்காமல் விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.